காமன் பொட்டலைக் கட்டடத்துக்குக் கொடுக்காதீர்கள்: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கடந்த மாதக் கூட்டத்தில், எங்கள் தோட்டத்துத் திறந்த திடலான காமன் பொட்டலில் கலப்புப் பயன்பாட்டுக் கட்டடத் தொகுதி ஒன்றைக் கட்டுவதற்குச் சபைக்கு ஆட்சேபமில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறீர்கள். கீழ்த்தளத்தில் கடைகள், மேலே 96 அறைகள் கொண்ட ஹோட்டல், பக்கத்தில் 48 குடும்பங்களுக்கான மாடி வீடுகள், முன்னால் வாகனத் தரிப்பிடம். மொத்தம் ஐந்து ஏக்கர். அந்தப் பேச்சு பதினைந்து நிமிடத்தில் முடிந்து அடுத்த விடயத்துக்குப் போய்விட்டது என்று கூட்டத்தில் இருந்த ஒருவர் எனக்குச் சொன்னார். அந்தப் பொட்டலின் ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். என் அம்மா இன்றைக்கும் அதையே குடிக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் டவுனில், உங்கள் சபைக்குச் சொந்தமான கடை வரிசையில், இருபத்திரண்டு வருடமாகத் தையற்கடை நடத்துகிறேன். பிறந்தது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில். கட்டடமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கீழே கடை, மேலே வீடு என்பது இந்த டவுனுக்குப் புதிதும் இல்லை. நான் தொழில் பழகிய முதலாளி கீழே கடை வைத்திருந்தார், மேலே குடும்பத்தோடு இருந்தார், மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்து நான் படுத்தேன். காலையில் கடை திறக்க யாரும் பஸ் ஏற வேண்டியதில்லை. இரவு ஒன்பது மணிக்கும் தெருவில் வெளிச்சம் இருந்தது. அப்படி ஒரு டவுன் மறுபடியும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். என் மருமகன் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறான், நான்கு பேர் சேர்ந்து ஒரு அறையில் படுக்கிறார்கள். இங்கே வேலை இருந்தால் நாளைக்கே வந்துவிடுவான். கடைகள் வரட்டும், ஹோட்டல் வரட்டும். எந்த இடத்தில் என்பதுதான் என் கேள்வி.

பொட்டலைப் பற்றி உங்கள் கூட்டக் குறிப்பில் ‘பயன்படுத்தப்படாத வெற்றுக் காணி’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த வெற்றுக் காணி எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். மூன்று பக்கமும் தேயிலை மலை. மலையிலிருந்து இறங்குகிற கான்கள் எல்லாம் அங்கேதான் வந்து முடிகின்றன. மேல் பாதி காய்ந்த தரை, பிள்ளைகள் பந்தடிப்பது அங்கே. கீழ்ப் பாதி சதுப்பு. கோரை வளர்ந்திருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். சின்ன வயதில் மாட்டை அந்தப் பக்கம் விட்டால் அடி விழும். சதுப்பு முடிகிற இடத்தில் கருங்கல்லுக்கு அடியிலிருந்து ஊற்று வருகிறது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் கட்டிய கல் தொட்டி அதற்குக் கீழே, அறுபது காலடி தூரத்தில் இருக்கிறது. அந்தத் தொட்டியிலிருந்துதான் குழாய் பிரிந்து மேல் லயத்துக்கும் நடு லயத்துக்கும், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கும் போகிறது. மிஞ்சுகிற தண்ணீர் சிற்றோடையாக டவுனின் பின்பக்கமாக ஓடி நானு ஓயாவில் விழுகிறது.

மண்ணை இரண்டடி தோண்டினால் தண்ணீர் நிற்கும் இடம் அது. காமன் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றக் குழி வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சதுப்புப் பக்கம் தள்ளி வெட்டவே மாட்டார்கள்.

இப்போது கீழே இருக்கிற பணிய லயத்துக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வரப்போவது என்ன என்பதை நாங்கள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டோம்.

பணிய லயத்துக்குத் தனிப் பீலி, அதாவது தண்ணீர் பிடிக்கிற குழாய், இருந்தது. வீதி வளைவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது, கீழே சில்லறைக் கடை, மேலே லொட்ஜ். அதுவும் கலப்புப் பயன்பாடுதான். அனுமதியும் முறைப்படி வாங்கியிருந்தார்கள். மலக்குழியைக் கட்டடத்தின் பின்பக்கம், சரிவின் விளிம்பில் வெட்டினார்கள். முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருடம், ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் அறை கிடைக்காத சனமெல்லாம் இங்கே வந்து தங்கியது. அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா வெள்ளை பிளாஸ்ரிக் வாளியில் பீலித் தண்ணீர் பிடித்து வந்து இஸ்தோப்பில் வைத்து, ‘தம்பி, இதைக் கொஞ்சம் மோந்து பார்’ என்றார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வாளியின் அடி தெரிந்தது. ஆனால் மேலே மெல்லிய ஏடு, விரலால் தொட்டால் விலகி மறுபடி சேர்ந்துகொண்டது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனதும் கழிப்பறை வாடை. அந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்கு நான்கு நாளாக வயிற்றோட்டம். பக்கத்துக் காம்பராவில் இரண்டு பிள்ளைகளுக்கு.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார், நல்ல மனிதர், போத்தலில் மாதிரி எடுத்துப் போனார். முடிவில் மலத்திலிருந்து வருகிற ஈ கோலி கிருமி இருப்பதாக வந்தது. குடிதண்ணீருக்கான இலங்கைத் தரம், எஸ்.எல்.எஸ். 614, நூறு மில்லிலீற்றரில் ஈ கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. பிறகு பீலிக்கரையில் ‘கொதிக்க வைத்துப் பருகவும்’ என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஒட்டிய மூன்றாம் நாள் மழையில் தாள் கரைந்து போனது. கட்டடக்காரர் மலக்குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினார். அதோடு விடயம் முடிந்தது.

கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்வது இலேசு. காலை ஏழரைக்குப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டிய பெண், அதற்கு முன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, அதற்கும் மேலே ஒரு குடும்பம் முழு நாளும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும். காஸ் அடுப்பு இருக்கிற வீடு குறைவு, மிலாறு விறகில்தான் பொழுது போகிறது. என் அக்கா ஒன்பது மாதம் இப்படிச் செய்தார். பிறகு பணிய லயத்து ஆட்கள் தாங்களாகவே காசு சேர்த்து, பொட்டல் தொட்டியிலிருந்து அரை அங்குலக் குழாய் இழுத்துக்கொண்டார்கள். ஆக இன்றைக்கு மூன்று லயத்துக்கும் அந்த ஒரே ஊற்றுத்தான். அதற்கு மேலேதான் நீங்கள் 96 அறை ஹோட்டலுக்கு ஆட்சேபமில்லை என்றிருக்கிறீர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து இந்தத் திட்டத்தின் வரைபடப் பிரதியை எடுத்தேன். துணியில் அளவு எடுக்கிறவன் என்பதால் வரைபடம் பார்க்க எனக்குப் பயமில்லை. இரண்டு இரவு கடை மூடிய பிறகு வெட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன்.

அந்த வரைபடத்தில் எங்கள் தண்ணீர்த் தொட்டி இல்லை. ஊற்றும் இல்லை. சிற்றோடை ‘வடிகான்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. சதுப்பு இருக்கும் இடத்தில் ‘நிரப்பப்படும் பகுதி’ என்று இருக்கிறது. மலக்குழிகளும் ஊறல் குழிகளும் காணியின் கீழ் மூலையில், அதாவது தொட்டிக்கு நேர் மேலே. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று ஒரு பெட்டிகூட வரையப்படவில்லை. இரண்டடியில் தண்ணீர் நிற்கும் மண்ணில் ஊறல் குழி வெட்டினால் கழிவு எங்கே ஊறும்? காய்ந்த மண்ணாக இருந்தால் குழிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையில் இருக்கும் மண் அந்தக் கழிவைக் கொஞ்சமாவது வடிகட்டும். இங்கே இடையில் மண்ணே கிடையாது. குழியில் விழுவது நேரே ஊற்றில் கலக்கும்.

தண்ணீர் எங்கிருந்து என்ற இடத்தில் ‘தற்போதுள்ள ஊற்று’ என்று எழுதியிருக்கிறார்கள். ஹோட்டலும் வீடுகளும் நிரம்பினால் நானூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு லீற்றர் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 40,000 லீற்றர். பெப்ரவரி, மார்ச் மாதத்தில் அந்த ஊற்று என் சுண்டுவிரல் பருமனுக்கு மெலிந்து ஓடும். அப்போது அம்மா விடியற்காலை நான்கு மணிக்கே எழும்பி வரிசையில் குடம் வைப்பார். அந்த மாதங்களில் ஹோட்டல் எதைக் குடிக்கும், நாங்கள் எதைக் குடிப்பது? எங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டு, கழிவை அதே இடத்தில் திருப்பித் தருகிற திட்டம் இது. இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திறந்தவெளிக்கு வருகிறேன். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது அதில் பத்து வீதத்தைச் சமூக, பொழுதுபோக்குத் தேவைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளிலேயே இருந்தது. இந்த வரைபடத்திலும் பத்து வீதம் என்று பச்சை நிறத்தில் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பச்சை, இன்டர்லொக் கல் பதித்த வாகனத் தரிப்பிடத்தின் ஓரமும், நுழைவாயில் பூந்தொட்டி வரிசையும். பந்தடிக்கிற பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

96 அறைகள் என்ற கணக்கையும் கவனித்தேன். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வந்த வர்த்தமானி, 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல்களைச் சுற்றாடல் தாக்க ஆய்வுக்கு உட்பட வேண்டிய திட்டங்களின் பட்டியலில் வைத்தது. இவர்கள் அந்த எல்லைக்குக் கீழே நிற்கிறார்கள். அது சட்ட மீறல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹோட்டலைத் தனியாக, வீடுகளைத் தனியாக, கடைகளைத் தனியாக எண்ணினால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. எல்லாக் கழிவும் விழப்போவது ஒரே மூலையில். அதைச் சேர்த்து எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கேட்கும் முதல் பொறுப்பு உங்கள் மேசையில் இருக்கிறது.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள், கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை சரிந்து குடும்பம் குடும்பமாகப் புதைந்தார்கள். எங்கள் டவுனில் உயிர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்த இரவு நான் கடையில்தான் இருந்தேன். தையற்காரனுக்கு அது சீசன் காலம், ஜனவரிக்குப் பள்ளிக்கூடச் சீருடை கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் பெயர் எழுதிய துண்டு குத்தி, வெள்ளைத் துணிக் கட்டுகள் நாற்பதுக்கு மேல் கீழ்த் தட்டில் அடுக்கியிருந்தேன். பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் கதவுக்குக் கீழால் செம்மண் தண்ணீர் வந்தது. மேசைக்கு மேல் தையல் மெஷினைத் தூக்கி வைப்பதா, துணியைத் தூக்குவதா என்று தெரியவில்லை. மெஷினைத் தூக்கினேன். விடிந்து பார்த்தபோது தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்து வடிந்திருந்தது, கோடு இன்னும் சுவரில் இருக்கிறது, கடைக்கு வருகிற யாருக்கும் காட்டுவேன். துணிகளை ஓடையில் போட்டு அலசினோம், பிறகு சவர்க்காரத்தில் ஊற வைத்தோம், நீலம் போட்டோம். செம்மண் கறை போகவில்லை. சில பிள்ளைகள் இந்த வருடம் முதல் தவணைக்கு மங்கல் நிறச் சட்டையோடுதான் போனார்கள்.

அந்தத் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது தெரியுமா? சதுப்பின் வால் பகுதியில் லொறித் தரிப்பிடத்துக்கென்று இருபது பேர்ச்சஸ் நிரப்பினீர்களே, அந்தப் பக்கத்தால்தான். ஓடை அங்கே ஒடுங்கி, ஒரு சிமெந்துக் குழாய்க்குள் போகிறது. குழாயின் வாய் குப்பையால் அடைபட்டதும் தண்ணீர் வீதிக்கு ஏறியது. மறுநாள் நான் பொட்டலுக்கு ஏறிப் பார்த்தேன். சதுப்பு முழுவதும் குளம்போல நின்றது. மேலே மூன்று மலையிலிருந்தும் இறங்கிய தண்ணீர் அத்தனையையும் அது பிடித்து வைத்திருந்தது. அந்தக் குளம் வடிய ஒன்பது நாள் எடுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது.

என் தொழிலில் இருந்தே சொல்கிறேன். பருத்தித் துணியில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் துணி குடித்துக்கொண்டு மெதுவாகச் சொட்டும். நைலோன் துணியில் ஊற்றினால் அப்படியே மேசைக்கு வழியும். அந்த ஐந்து ஏக்கரில் கொங்கிரீற்றும் இன்டர்லொக் கல்லும் போட்டால், ஒன்பது நாளில் இறங்கிய தண்ணீர் ஒரே இரவில் டவுனுக்கு இறங்கும். முழங்கால் அளவோடு நிற்காது. என் கடையும் இருக்காது, உங்கள் சபைக் காரியாலயத்தின் பதிவேட்டு அறையும் இருக்காது, அதுவும் அதே மட்டத்தில்தான் இருக்கிறது.

மண்சரிவைப் பற்றிப் புதிதாக நான் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மலை மூடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். மலையில் தண்ணீர் போகிற வழியை மாற்றினால் அது மண்ணுக்குள் தன் வழியைத் தேடும். பொட்டலுக்கு மேலே மலைச் சரிவு இருக்கிறது, அதன் அடியை வெட்டித்தான் அத்திவாரம் போடப் போகிறார்கள். இப்படியான மாவட்டத்தில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். எனக்குக் கிடைத்த கோப்பில் அது இல்லை.

இது எங்கள் மூன்று லயத்தோடு நிற்கிற விடயமும் இல்லை. அந்தச் சிற்றோடை நானு ஓயாவில் விழுந்து, கொத்மலை ஓயாவாகி, தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையைத் தொட்டு, கொத்மலை நீர்த்தேக்கம் போய், மகாவலியில் கலக்கிறது. கம்பளையும் பேராதனையும் கண்டியும் மகாவலிக் கரையில்தான் இருக்கின்றன. கண்டி மாநகரம் குடிப்பதே மகாவலித் தண்ணீர். 2007இல் கம்பளையில் செங்கண்மாரி பரவி நூற்றுக்கணக்கானோர் படுத்தது பலருக்கு மறந்திருக்கும். அது கெட்ட தண்ணீரால் பரவுகிற நோய். பக்கத்தில் நுவரெலியாவில், கவர்னர் கிரகரி காலத்தில் 1873இல் அமைத்த வாவியைப் பாருங்கள். சுற்றிலுமுள்ள மரக்கறித் தோட்டத்துப் பசளையும் டவுன் கழிவும் இறங்கி, வெயில் காலத்தில் தண்ணீர் பச்சையாகத் திரண்டு கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்ய எத்தனை தடவை பணம் கொட்டியாயிற்று. அந்த வாவிக்கு இருக்கிற பெயரும் பணமும் எங்கள் சின்ன ஊற்றுக்குக் கிடையாது. அது கெட்டால் கெட்டதுதான்.

உங்களிடம் நான் இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் இருந்த விதத்தில், தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யச் சபைக்கு வழியில்லை என்றே முப்பது வருடம் எங்களுக்குச் சொல்லி வந்தார்கள். வாக்குப் போட்டோம், ஆனால் லயத்துக்கு முன்னால் ஒரு கான் கட்டித்தரக்கூட முடியாது என்றார்கள். 2018இல் சட்டம் திருத்தப்பட்டபோது என் அப்பா உயிரோடு இருந்தார். ‘இனி நமக்கும் சபை இருக்கு’ என்று சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு எங்கள் லயத்துப் பக்கம் நீங்கள் எடுத்திருக்கிற மிகப் பெரிய முடிவு இதுதான். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

2025 மே உள்ளூராட்சித் தேர்தலுக்கு உங்களில் பலர் மேடை போட்டது அதே பொட்டலில். சிலர் சின்ன வயதில் என்னோடு அங்கே பந்தடித்தவர்கள். மாசிப் பிறை கண்டு காமன் ஊன்றி, பௌர்ணமி வரை இரவிரவாகத் தப்புச் சத்தம் கேட்கிற இடம் அது. ரதியாக வேஷம் கட்டிய என் சித்தப்பா அழுதபோது அம்மாமார் உண்மையாகவே முந்தானையில் கண்ணைத் துடைத்ததை அங்கேதான் பார்த்தேன். டித்வாவுக்குப் பிறகு மேல் லயத்தில் வெடிப்பு கண்டு எழும்பச் சொன்னபோது, சனம் ஓடி வந்து நின்றது பொட்டலின் மேட்டில். அரிசியும் போர்வையும் பகிர்ந்து கொடுத்தது அங்கே. நாளைக்கு மறுபடி அப்படி ஒரு இரவு வந்தால், பின்பக்கம் மலை, முன்பக்கம் ஹோட்டல் மதில். அந்தச் சனம் எங்கே போய் நிற்கும்?

எங்கள் சனம் வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணிக்கு எத்தனை வருடம் காத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து ஏக்கர் என்றால் 800 பேர்ச்சஸ், ஏழு ஏழாகப் பிரித்தால் 114 குடும்பத்துக்குப் போகும். அப்படியிருந்தும், பொட்டலை எங்களுக்கு வீடு கட்டத் தாருங்கள் என்று லயத்தில் ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை. அது வீடு கட்டுகிற மண் இல்லை, தண்ணீர் இருக்கிற இடம் என்று வயதானவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள், நாங்களும் கேட்டோம். நாங்கள் தொடாமல் வைத்திருந்ததால்தான் இன்றைக்கு அது யாருக்கோ வெற்றுக் காணியாகத் தெரிகிறது.

சரி, கட்டடம் எங்கே கட்டுவது? பஸ் நிலையத்துக்குப் பின்னால் உங்கள் சொந்தக் கடை வரிசை இருக்கிறது. என் கடையும் அதில் ஒன்று. கூரைத் தகரம் துருப்பிடித்து, மழைக்கு வாளி வைக்கிறோம். பக்கத்தில் பழைய சந்தைக் கட்டடம் பாதி பூட்டிக் கிடக்கிறது. அங்கே காணி சபையுடையது, வீதி இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, காய்ந்த மண், ஊற்றுக்குக் கீழ்ப்பக்கம். கீழே கடை, மேலே அறைகளும் வீடுகளுமாக மூன்று மாடி எழுப்பலாம். கழிவுநீரை அங்கேயே சுத்திகரித்து வெளியே விட இடமும் போதும். கட்டி முடியும் வரை நாங்கள் கடையைக் காலி செய்ய வேண்டி வரும் என்பது எனக்குத் தெரியும். வரிசையில் உள்ள மற்ற வாடகைக்காரர்களோடு பேசினேன். தற்காலிகமாக இடம் தந்து, முடிந்ததும் பழைய வாடகைக்காரருக்கே முதலில் கடை தருவதாக எழுத்தில் தந்தால், ஒன்பது பேர் எழும்பத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் தயார். இதைச் சபையில் ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது:

கடந்த மாதத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மீளப் பெறுங்கள். முழுவதுமாக இப்போதே முடியாது என்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும், ஹோட்டல், வீடு, கடை மூன்றையும் சேர்த்து மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மதிப்பீடும் வரும் வரை அதை இடைநிறுத்தி வையுங்கள். அதுவரை ஒரு லொறி மண்கூட சதுப்பில் விழக் கூடாது. இப்போதே இரவில் இரண்டு லோட் கொட்டிப் போயிருக்கிறார்கள், வந்து பாருங்கள்.

ஊற்றையும் தொட்டியையும் சிற்றோடையையும் நில அளவையாளரைக் கொண்டு அளந்து வரைபடத்தில் ஏற்றுங்கள். அதைச் சுற்றி எந்தக் குழியும் எந்தக் கட்டடமும் வரக் கூடாத ஒதுக்கம் எவ்வளவு என்று தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆலோசனையோடு தீர்மானித்து, பொட்டல் முழுவதையும் பொதுத் திறந்தவெளியாகச் சபைத் தீர்மானத்தில் பதியுங்கள். காணி அரசுடையது, தோட்டக் கம்பனியிடம் குத்தகையில் இருக்கிறது என்று காரணம் சொல்ல வேண்டாம். ஹோட்டலுக்கு அதை விடுவித்துத் தரும்படி கடிதம் எழுத உங்களால் முடிந்ததென்றால், அதைப் பாதுகாக்கும்படி கடிதம் எழுதவும் முடியும்.

லொறித் தரிப்பிடத்துக்குக் கீழே இருக்கிற சிமெந்துக் குழாயை எடுத்துவிட்டு ஓடையைத் திறந்து விடுங்கள், அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன். பணிய லயத்துப் பீலிக்கு மேலே உள்ள மலக்குழியை மூடி, அந்தக் கட்டடத்துக்கு முறையான சுத்திகரிப்பு வைக்கச் சொல்லுங்கள். மூன்று லயத்துத் தண்ணீரையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதித்து, முடிவைப் பீலிக்கரையில் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள். மழையில் கரையாத பலகையில்.

இந்தத் திட்டத்தின் பகிரங்க அறிவித்தல் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே ஒட்டப்பட்டிருந்தது. தமிழும் அரசகரும மொழி. அறிவித்தலைத் தமிழிலும் வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க முப்பது நாள் கொடுத்து, கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்துக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரத்தில், பொட்டலிலேயே வையுங்கள்.

பஸ் நிலையக் கடை வரிசையை மீளக் கட்டும் யோசனையை அந்தக் கூட்டத்தின் முதல் விடயமாக எடுங்கள். ஒன்பது வாடகைக்காரர்களின் கையொப்பத்தோடு எங்கள் சம்மதக் கடிதத்தைத் திங்கட்கிழமை செயலாளரின் கையில் தருகிறேன். பெற்றுக்கொண்டதற்குத் திகதியிட்ட ரசீதும், இந்த மடலுக்கு எழுத்தில் பதிலும் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சபைக் கடை வரிசையின் தையற்கடைக்காரன்,
மேல் லயத்துப் பிள்ளை.